கடைசி எழுத்துப் பெரிது

சனிக்கிழமை பத்து மணி.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
நாலாம் மாடி, லிஃப்ட் பழுது.
ஏறி வந்த ஆறு பேருக்கும் மூச்சு வாங்குவதால்
முதல் ஐந்து நிமிடம்
ஒருவரும் கடவுளைப் பற்றிக் கதைப்பதில்லை.

தோல்சுருள் எங்களிடம் இல்லை.
போட்டோக்கொப்பி, வலது மூலையில் பின் அடித்தது.
முதல் கிழமை நான் அதை எங்கள் பக்கமாகத் திறந்து
முடிவிலிருந்து தொடங்கியவள்.
ஷிரா சிரிக்கவில்லை.
தாளைத் திருப்பித் தந்துவிட்டு
பிளேன்ரீக்குச் சீனி போடவா என்று கேட்டாள்.

எனக்குப் புள்ளி வைத்த பிரதி.
எங்கள் எழுத்தில் புள்ளி விழுந்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் மிஞ்சும்.
இவர்களின் புள்ளியோ உயிரைக் கொண்டுவருகிறது.
சுருளில் அந்தப் புள்ளியும் கிடையாதாம்.
மெய் மெய்யாக வரிசையில் கிடக்க
வாசிக்கிறவர் தன் மூச்சைக் கொடுத்து
ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும்.
இதைச் சொன்னபோது லியோ கட்ஸீர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நாற்பது வருடமாக வாசிக்கிறாராம்,
பிணங்களை என்று நினைத்ததில்லையாம்.
பிணம் என்று நான் சொல்லவில்லை.

இது ஜூலை.
இந்த ஒழுங்கையில் அந்த மாதத்தின் பெயரை
யாரும் சும்மா சொல்வதில்லை.
இந்தக் கிழமைப் பகுதியில் ஐந்து சகோதரிகள்
கூடார வாசலில் வந்து நிற்கிறார்கள்.
அப்பா வனாந்தரத்தில் செத்துப்போனார்,
ஆண்பிள்ளை இல்லை,
அதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும்,
எங்கள் காணி எங்கே?

மெல்பேர்னிலிருந்து ரபி
மடிக்கணினிக்குள் விளக்கிக்கொண்டிருந்தாள்.
பாணந்துறைக்குப் போகும் றெயில்
கோப்பைகளை ஆட்டிவிட்டுப் போனது.
அதோடு இணைப்பும் போனது.
ரபியின் வாய் ஒரு சொல்லின் நடுவில்
திறந்தபடி நின்றுவிட்டது.
"நீ வாசி" என்றாள் நுவந்தி.
நான் இன்னும் சேராதவள்,
சேருவேனா என்று அக்காவுக்கும் சொல்லவில்லை.
வாசித்தேன்.
விரல் வலமிருந்து இடமாக நொண்டியது.

ஓரிடத்தில் தடுக்கியது.
'அவர்களுடைய வழக்கு' என்று ஒரே சொல்.
அதன் கடைசி எழுத்து, நூன்,
மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது.
கொப்பி மெஷினின் பிழை என்று நினைத்தேன்.
பிழை இல்லை, சுருளிலும் அப்படித்தான் எழுதுவார்கள்,
அந்த எழுத்துத்தான்
'அவர்கள்' பெண்கள் என்று காட்டுவது என்றார் லியோ.
என் தமிழில் 'அவர்கள்' என்றால்
ஐந்து பெண்களும் கூட்டத்துக்குள் மறைந்துபோவார்கள்.

ஏன் பெரிது என்று ஒரு மணித்தியாலம் அடிபட்டோம்.
மோசேக்குத் தெரியாததைப் பெண்கள் கேட்டதால், என்றாள் ஷிரா.
எழுதினவனுக்கு வெட்கம், என்றாள் நுவந்தி.
லியோ முன்னால் புரட்டிப் பார்த்தவர்:
"ஒன்பது அதிகாரம் தள்ளிப் பங்காளிகள் வருகிறார்கள்.
காணி தரலாம், ஆனால் எங்கள் குலத்துக்குள்தான்
கல்யாணம் கட்ட வேண்டும் என்கிறார்கள்."
"பொறுங்கோ" என்றாள் ஷிரா,
"இந்தக் கிழமை அவர்கள் வெல்லட்டும்."
ரபி திரும்பி வந்தபோது
பாதிச் சொல்லை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.
கேக் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில்,
நொத்தாரிசு கந்தோரில்,
உறுதி ஒன்று தட்டச்சு செய்கிறேன்.
கோண்டாவில், மூன்று பரப்பு,
தகப்பன் வழி வந்தது.
விற்கிறவள் எதிரே இருக்கிறாள்,
கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.
தேசவழமைப்படி கணவன் சம்மதம் என்று
கீழே ஒரு கோடு விட வேண்டும்.
கணவன் எங்கே?
பதினேழு வருடமாகத் தெரியாது என்கிறாள்,
குடை எங்கே என்று கேட்டதற்குச் சொல்வது போல.

எந்த எழுத்தையும் நான் பெரிதாக்கவில்லை.
உறுதியில் எழுத்து மாறினால்
பதிவுக்கந்தோர் திருப்பி அனுப்பிவிடும்.
கோட்டை மட்டும் விட்டேன்.

வருகிற சனிக்கிழமை
அந்தப் பங்காளிகள் வருகிறார்கள்.
அவர்களிடம் கேட்க
எனக்கு ஒன்று இருக்கிறது.